89 வயதுக்காரருக்கு எதற்குத் துக்கம்?

கேள்வி: நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத இசைக்கலைஞர் ஒருவர் இறந்ததற்காக நீங்கள் அழுததுண்டா?

அழவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

2023 மார்ச் 2 அன்று வேய்ன் ஷார்ட்டர் லாஸ் ஏஞ்சலஸில் இறந்துபோனார். ஜாஸ் கேட்காதவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர். வாசிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் கட்டிய மெட்டுகளை வாசிக்காத ஜாஸ் குழு இருப்பது கடினம். ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியிடம் தொடங்கி, 1964 முதல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்து, 1970-இல் கீபோர்ட் கலைஞர் ஜோ ஜாவினுலோடு சேர்ந்து வெதர் ரிப்போர்ட் என்ற குழுவை ஆரம்பித்தவர்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "சாக்ஸபோனா? நம்ம கத்ரி கோபால்நாத் மாதிரியா?" என்றார். ஏறக்குறைய என்றேன். (ஏறக்குறைய இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.) "வயசு என்ன?" 89. "அட போடா, கல்யாணச் சாவு. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்க?"

அம்மா கேட்டது நியாயம்தான். எனக்கு இருந்த சிக்கல் வேறு. சாவு வீடு என்று ஒன்று இருந்தால், போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டால் மனசு கொஞ்சம் அடங்கும். இந்தத் துக்கத்தை நான் எந்த வீட்டில் போய் விசாரிப்பது? தெருவில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. அலுவலகத்திலும் அப்படியே.

கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் ஒரு சிடியைக் கையில் திணித்தான். மைல்ஸ் டேவிஸின் 'நெஃபர்டிட்டி'. 1967-இல் பதிவானது. முதல் பாட்டுக்கும் அதே பெயர், ஷார்ட்டர் எழுதியது. போட்டேன். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தன. முடித்ததும் மறுபடி அதே மெட்டு. மறுபடியும் அதே. கீறல் விழுந்து ஒரே இடத்தில் சுற்றுகிறதோ என்று எழுந்துபோய் சிடியைத் துடைத்துப் போட்டேன். திரும்பவும் அதே.

விஷயம் பிடிபட எனக்கு மாதக்கணக்கானது. ஜாஸில் பொதுவாக மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு ஒவ்வொருவராகத் தங்கள் கற்பனையில் இறங்குவார்கள். இதில் ஊதுகிற இருவரும் இறங்கவே இல்லை. பல்லவியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, கீழே டோனி வில்லியம்ஸின் ட்ரம்ஸ்தான் கொந்தளிக்கிறது. பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, மிருதங்கக்காரர் அதற்கடியில் தனி ஆவர்த்தனமே வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி. போகப்போக ஊதுகிற இருவரும் துளி விலகுகிறார்கள், ஒருவர் முந்த, மற்றவர் பின்னால் இழுபட. ஏறக்குறைய எட்டு நிமிடம். அந்த மெட்டுக்கு எப்போது பழகினேன், எப்போது அது இல்லாமல் முடியாது என்று ஆனது, எனக்குத் தெரியாது.

அப்புறம் ஷார்ட்டரின் சொந்த ஆல்பம் 'ஸ்பீக் நோ ஈவில்' கைக்கு வந்தது. 1964 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் 'இன்ஃபன்ட் ஐஸ்' என்று ஒரு பாட்டு, தன் குழந்தை மியாக்கோவுக்காக அவர் எழுதியது. என் மகள் பிறந்த வாரத்தில், இரவு இரண்டு மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கையில் சத்தத்தைக் குறைத்து அதைத்தான் வைத்திருந்தேன். வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு 'ஆராரோ' இல்லையே என்று வருத்தம்.

ஷார்ட்டருடைய இன்னொரு மகள் இஸ்கா பதினான்கு வயதில் இறந்துபோனாள். 1996 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் சில நிமிடங்களில் வெடித்துக் கடலில் விழுந்ததே, அந்த 230 பேரில் அவர் மனைவி ஆனா மரியாவும் ஒருவர். அடுத்த வருடம் நெடுநாள் நண்பர், பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்குடன் உட்கார்ந்து ஒரு ஆல்பம் போட்டார். ஒரு பியானோ, ஒரு சாக்ஸபோன், வேறு யாரும் இல்லை. இவர்கள் இருவரும் பல வருடங்களாக ஜப்பானியப் பிரிவான நிச்சிரென் பௌத்தத்தைப் பின்பற்றியவர்கள். ஷார்ட்டரை அதற்குள் அழைத்து வந்ததே ஹான்காக்தான். அந்த ஆல்பத்தில் ஒப்பாரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. பேசிப் பேசித் தீர்ந்தபின் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

கல்யாணச் சாவு என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. எல்லாம் முடித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் இல்லை அவர். தன் மிகச் சிறந்த நால்வர் குழு ஒன்றைக் கூட்டியதே 2000-இல்தான். 2018-இல் மூன்று டிஸ்க்கில் 'எமனான்' ஆல்பத்தை வெளியிட்டார், கூடவே ஒரு காமிக்ஸ் புத்தகம். சிறுவயதில் சொந்த ஊரான நுவார்க்கில் பிடித்த காமிக்ஸ் பைத்தியம் 85 வயதிலும் விடவில்லை! அவர் இசையமைத்த 'இஃபிஜெனியா' ஓபரா அரங்கேறியது 2021 நவம்பரில். அப்போது வயது 88. இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். "சரி, காப்பி ஆறுது" என்றார்.

அன்று இரவு அந்தச் சிடி நண்பன் கூப்பிட்டான். வெளிநாட்டில் இருக்கிறான், பேசி ஏழெட்டு மாதம் இருக்கும். "கேள்விப்பட்டியா?" என்றான். கேள்விப்பட்டேன் என்றேன். பிறகு கல்லூரியில் போட்ட அதே சண்டை. பிரேசில் பாடகர் மில்டன் நாசிமென்டோவுடன் ஷார்ட்டர் செய்த 'நேட்டிவ் டான்சர்' ஆல்பம்தான் உச்சம் என்றான். 'ஸ்பீக் நோ ஈவில்' பக்கத்தில் அது நிற்காது என்றேன். வெதர் ரிப்போர்ட்டில் ஜாவினுல் இவரை அமுக்கிவிட்டார் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. முக்கால் மணி நேரம் போனது. வயிறு பசித்தது.

வழக்கமாக "சரி மச்சி, வரேன்" என்று சொல்லித்தான் போனை வைப்பான். அன்றைக்குச் சொல்லாமலே வைத்துவிட்டான்.