தனியே நிற்கும் யானைக்குட்டி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்குள் ஒரு யானைக்குட்டி தனியே நின்ற படத்தைப் பார்த்துப் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தில் 18 வருடம் களத்தில் நின்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

குட்டியைக் கண்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும் அண்ணன்? (வெல்லாவெளி)

கிட்டப் போகாதீங்க தம்பி. பெரும்பாலும் தாய் பக்கத்துப் பற்றைக்குள்ளேயே நிற்கும், ஆட்கள் கூடி டோர்ச் அடித்துச் சத்தம் போட்டால் அது வெளியே வராது, நாங்களே குட்டியை அநாதையாக்கிவிடுவோம். நாய்களைக் கட்டிவிட்டு, திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். விவசாயக் கிணற்றில் விழுந்தால்கூட, ஒரு பக்கக் கரையை பெக்கோவால் சரிவாக வெட்டிவிட்டால் பல குட்டிகள் தாமாகவே ஏறிவிடும். உன்னிச்சைப் பக்கம் ஒருமுறை அப்படி வெட்டியபோது, சேற்றில் நின்ற குட்டி தும்பிக்கையை என் முழங்கையில் சுற்றிக்கொண்டு விடவேயில்லை. காட்டுக் கரையிலிருந்து தாய் உறுமியதும்தான் விட்டது, அப்புறம் திரும்பியே பார்க்காமல் ஓடியது.

பசுப்பால் கொடுக்கலாமா? பசியில் கத்துதே. (அக்கரைப்பற்று)

வேண்டாம் தங்கச்சி. பசுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டம் பிடித்தால் உடம்பில் நீர் வற்றி இரண்டொரு நாளில் போய்விடும். குட்டி பால் குடிப்பது வாயால், தும்பிக்கையால் இல்லை. தெரியாதவர்கள் போத்தலைத் திணித்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தாயில்லாக் குட்டிகளை வளர்க்கிற உடவளவை நிலையத்தில் புனலும் குழாயும் வைத்து மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழும்பி, மாப்பால் கரைத்து ஊட்டுகிறார்கள். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு அந்தப் பாடு விளங்கும். திணைக்களத்து ஆட்கள் வரும்வரை நிழலும் நனைத்த சாக்கும் போதும்.

ஏன் பின்னவலைக்கு அனுப்புவதில்லை? (கல்முனை)

பின்னவலை யானைகள் அநாதை இல்லம் 1975ல் தொடங்கியது, அங்கே போனவை பெரும்பாலும் மனிதரோடேயே வாழ்ந்து முடிக்கும். உடவளவை இடைத்தங்கல் நிலையம் 1995ல் வந்தது, காட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கென்றே. அதனால்தான் அங்கே யாரையும் குட்டியைத் தொட விடுவதில்லை, பால் ஊட்டுகிறவர்கள்கூடக் கொஞ்சுவதில்லை. மனிதரை நம்பிப் பழகிய யானை நாளைக்கு ஊருக்குள்தானே வரும்? ஒரே பட்டியில் வளர்ந்த கூட்டாளிகளோடு, ஐந்து வயதளவில், கூட்டமாக விடுவார்கள். முதலாவது கூட்டம் 1998ல் போனது. இன்றைக்கு நூற்றுக்கு மேல் போயிருக்கின்றன, சில பெண்யானைகள் காட்டிலேயே குட்டி ஈன்றுவிட்டன. அந்தச் செய்தியை முதலில் கேட்ட நாளை நான் மறக்கவில்லை.

இந்தக் குட்டிகளின் தாய் எப்படிச் சாகுது? (கிரான்)

துவக்கு, பிரதான மின்கம்பியிலிருந்து களவாக இழுத்த வயர், வாய்வெடி. பூசணிக்காய்க்குள் பன்றிக்கென்று வைக்கிற வெடியைக் குட்டியும் கடிக்கும். தாடை சிதறினால் தின்ன முடியாமல் கிடந்து கிடந்து பட்டினியில் சாகும். அதைப் பார்த்தவன் எவனும் திரும்ப வெடி வைக்கமாட்டான். எனக்கும் வயல் இருக்கிறது, ஒரே இரவில் மூன்று ஏக்கர் மிதிபட்ட வருத்தம் தெரியும். ஆனாலும் வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் விடாதீங்க. முறையான யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு அடிக்கும், யானை அதிர்ந்து விலகும், சாகாது. வீட்டுக் கரண்ட் பாயும் கம்பி உங்கள் வீட்டுப் பிள்ளையையும் கொல்லும்.

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் குட்டிகளும் நிற்குதே? (அம்பாறை)

ஓம். சோற்று மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி, அது குடலை அடைத்து யானைகள் செத்திருக்கின்றன. கட்டிய சோற்றுப் பொதியைப் பையோடு எறியாதீங்க.

பிள்ளைகளுக்கு உடவளவையைக் காட்டலாமா? (மட்டக்களப்பு)

கட்டாயம் காட்டுங்கள். பால் நேரத்துக்குப் போனால் தள்ளி நின்று பார்க்கலாம். வாசல் திறந்ததும் யானைக்குட்டிகள் காதை விரித்துக்கொண்டு முண்டியடித்து ஓடி வருவார்கள், குடித்து முடித்தவன் இன்னொருமுறை வரிசையில் நிற்கப் பார்ப்பான்.