பட்ஜெட்டில் இல்லாத ஆசிரியை

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். நண்பர்கள் சிலரோடு ஓர் அமைப்பைப் பதிவு செய்து, எங்கள் கிராமத்தில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாலர் மையம் நடத்துகிறேன். சுற்றியுள்ள மூன்று சிற்றூர்களிலிருந்து 26 குழந்தைகள் வருகிறார்கள். நான்கு ஆண்டுகளாக என் ஓய்வூதியத்திலும் நண்பர்கள் தருவதிலும் ஓடுகிறது. இன்னும் இரண்டு ஊர்களில் மையம் தொடங்க ஆசைப்பட்டு ஆறு அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு அறக்கட்டளைகள் வருத்தம் தெரிவித்தன, மூன்று பதிலே போடவில்லை. ஒன்றிலிருந்து மட்டும் போனில் பேசி, ஆசிரியர் சம்பளத்தை யார் தருகிறார்கள் என்று கேட்டார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த என் தம்பி மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள், வீட்டு ஆள் என்பதால் சம்பளம் இல்லை, அதனால் எங்கள் செலவு மிகக் குறைவு என்று சொன்னேன். அதன் பிறகு அவர்களும் பேசவில்லை. நேரில் போய்ப் பார்த்திருப்பேன், சென்ற மாதம் அவளுக்கு உடம்பு முடியாமல் இரண்டு வாரம் மையத்தை மூட வேண்டியதாகிவிட்டது. கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் தந்தால் விண்ணப்பத்தைச் சரியாக எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? விண்ணப்பத்தின் நகலை இணைத்திருக்கிறேன். என்ன குறை என்று சொல்லுங்கள்.

பதில்: பத்து சதவீதக்காரரை முதலில் அனுப்பிவிடுவோம். கொடுக்காதீர்கள், ஐயா. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை, நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கங்கள் தங்கள் நெறிமுறைகளில் தடை செய்திருக்கின்றன. எழுத ஆள் வேண்டுமென்றால் வேலைக்கு இவ்வளவு என்று பேசி, உங்கள் கையிலிருந்து கொடுங்கள். ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது எழுதத் தெரிந்தவர் வந்து தீர்க்கிற குறை அல்ல.

நகலில் நான்காம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வாடகை இருக்கிறது. பாய், பலகை, விளையாட்டுப் பொருள்கள், கூரை பழுதுபார்ப்பு எல்லாம் இருக்கின்றன. ‘மேற்பார்வையாளர் பயணச் செலவு’ என்று ஒரு வரி இருக்கிறது. மேற்பார்வையாளர் நீங்கள்தானே? ஆசிரியர் ஊதியம் என்ற வரியில் மட்டும் ஒரு சைபர். உங்கள் பஸ் கட்டணத்துக்கு இடம் கிடைத்த பட்ஜெட்டில் அந்தப் பெண்ணின் நான்கு வருட உழைப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பல வருடங்களாக வருகின்றன. சில கடிதங்களில் அது மகள், சிலவற்றில் அக்காள், அநேகமாக வீட்டுக்கு வந்த மருமகள். எழுதுகிற எல்லோருமே அதைப் பெருமையாகத்தான் எழுதுகிறார்கள். நீங்களும் போனில் பெருமையாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தீர்களா?

குழந்தைகள் மையம் எதை எடுத்தாலும் அதன் செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம்தான். இது அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த வரியில் சைபர் போட்டால், படிக்கிறவர் சிக்கனமான அமைப்பு என்று நினைக்க மாட்டார். மையம் நடத்த உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது இவர்களுக்கே தெரியவில்லை என்றுதான் நினைப்பார். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் ஆகிறது என்று ஒரு தொகை எழுதியிருக்கிறீர்களே, அது பொய்க் கணக்கு. வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் பொய்தான். அதே தொகையை வைத்து இன்னும் இரண்டு ஊர்களில் மையம் தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடத்த எந்தத் தம்பி மனைவி இருக்கிறாள்?

அப்புறம் அந்த இரண்டு வாரம். நேரில் போக முடியாததற்குக் காரணமாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அவளுக்கு என்ன உடம்பு, இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. மையம் மூடியதுதான் உங்களுக்கு நினைவிருக்கிறது. சரி, மையத்தையே பேசுவோம். மூன்று வயதுக் குழந்தை ஒரு முகத்தை நம்பித்தான் அம்மாவின் கையை விடுகிறது. அந்த முகம் இரண்டு வாரம் காணாமல் போனால், திரும்பிக் கதவு திறக்கும் நாளில் முதலிலிருந்து அழுகை. அவளுக்கு ஒரு மாற்று ஆளை நான்கு வருடத்தில் நீங்கள் பழக்கவில்லை. ஒரே ஒருத்தியின் உடம்பை நம்பி 26 குழந்தைகள். அவள் கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலானால்? அவளுக்கே சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்தால்? எந்த அறக்கட்டளையும் இதைக் கேட்காமல் காசோலை எழுதாது.

அவளுக்குச் சம்பளம் வேண்டாம் என்று அவளே சொன்னாளா? கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அப்படி எங்கும் இல்லை. ‘வீட்டு ஆள் என்பதால்’ என்றுதான் இருக்கிறது. கணவனின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், ஊரே மதிக்கிறவர், ‘பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா’ என்று சொன்னால் எந்தப் பெண் ‘எவ்வளவு தருவீர்கள்’ என்று கேட்பாள்? அவள் கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கேட்க முடியாத இடத்தில் அவளை வைத்திருப்பதே நீங்கள்தான்.

வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் செய்வதற்குக் கூலி பேசக் கூடாது என்பதில் நான் உறுதியானவள். மாமியாரின் மருந்தை நேரம் பார்த்துக் கொடுப்பதற்கும், நாத்தனாரின் பிரசவத்துக்குத் துணை நிற்பதற்கும் விலை போட்டால் அது குடும்பமாக இருக்காது. ஆனால் அந்த 26 பேரும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. அது பதிவு செய்த ஓர் அமைப்பின் வேலை. அந்த அமைப்புக்குத் தலைவர் நீங்கள், கூட்டத்தில் பொன்னாடை உங்களுக்கு, விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்து உங்களுடையது. குடும்பக் கடமை என்ற பெயரில் உழைப்பு மட்டும் அவளுடையது. கடமை என்றால் அது பெரியவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஐயா. சின்னவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, செலவு குறைவு என்று வெளியாளிடம் சொல்லிக்கொள்வது கடமை ஆகாது.

விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கங்களில் அமெரிக்காவின் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அனுப்பப்படும் விண்ணப்ப நகல்களில் பாதியில் அது இருக்கிறது. மழலைக் கல்வியில் போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆய்வு 1962-ல் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரத்தில் தொடங்கியது. மொத்தம் 123 குழந்தைகள், அவர்களில் 58 பேர்தான் அந்தப் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களை 40 வயது வரை தொடர்ந்து பார்த்துத்தான் அந்தக் கணக்குகளைச் சொன்னார்கள். நீங்கள் எழுதாமல் விட்டது இது: அங்கே ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எல்லோரும் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள். அதையெல்லாம் வீட்டு மருமகளை வைத்து இலவசமாகச் செய்யவில்லை. பலனை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பலனைக் கொண்டுவந்தவர்களுக்கு ஆன செலவை விட்டுவிட்டால், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு உங்கள் குழந்தைகளை எழுதுங்கள். நான்கு வருட வருகைப் பதிவேடு இருக்குமே? சேர்ந்தபோது யார் பேசவே இல்லை, யார் கதை கேட்க உட்காரவில்லை, ஒரு வருடம் கழித்து எப்படி இருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். இங்கிருந்து போனவர்களைப் பற்றி ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விண்ணப்பம் எழுதும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைக்கவே இல்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

இனி செய்ய வேண்டியது. குழந்தைகளோடு இருக்கும் நேரம், அதற்கு முன் தயார் செய்யும் நேரம், பெருக்கித் துடைக்கும் நேரம், வீடுகளுக்குப் போய்வரும் நேரம் என்று அவளுடைய ஒரு வாரத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அதே தகுதிக்கு உங்கள் பகுதியில் மற்ற இடங்களில் என்ன சம்பளம் தருகிறார்களோ அதை பட்ஜெட்டில் போடுங்கள். பாதி நேரத்துக்காவது ஓர் உதவியாளரையும் சேருங்கள். மொத்தத் தொகை திடுக்கிட வைக்கும். வைக்கட்டும், அதுதான் உண்மையான செலவு.

குடும்பத்துக்கே சம்பளம் போட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்வார்களே என்று இப்போது யோசிப்பீர்கள். மறைத்தால்தான் சொல்வார்கள். உறவை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நியமனத்தையும் சம்பளத்தையும் நிர்வாகக் குழு முடிவு செய்யும் கூட்டத்தில் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள், போனதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். குழுவில் உங்கள் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும்தான் இருக்கிறார்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும். குழந்தைகளின் தாய்மார்களில் இருவரைச் சேருங்கள்.

முழுத் தொகையையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டியதில்லை. உழைப்பாகத் தருவதையும் அமைப்பின் பங்களிப்பு என்று பல அறக்கட்டளைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நேரப் பதிவேடு வேண்டும், மனதார ஒப்புக்கொண்ட ஆளின் கையெழுத்து வேண்டும். உங்கள் நேரத்தை அப்படிக் காட்டுங்கள், தாராளமாக. அவளுடையதை வேண்டாம்.

கிராமத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்கள் தொடவே இல்லை. ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரு மையத்துக்குக் குழந்தைகள் குறைவு, தலைக்கு ஆகும் செலவு நகரத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். நகரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இதை நீங்கள்தான் விளக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள், மழைக்காலத்தில் எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள் என்று எழுதுங்கள். இன்னும் இரண்டு மையம்தான் வழியா என்றும் யோசியுங்கள். ஜமைக்காவில் 1980-களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடம் வாரம் ஒருமணி நேரம் வீட்டுக்குப் போய், கையால் செய்த விளையாட்டுப் பொருள்களை வைத்துத் தாய்க்கும் குழந்தைக்கும் விளையாடக் காட்டினார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அவர்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த வருகை கிடைக்காதவர்களைவிட இவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது நடந்தது கிங்ஸ்டன் நகரத்தில் என்றாலும், கட்டடம் இல்லாத சிற்றூருக்கு இந்த வழி பொருந்தும்.

ஆறு இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றில் அறக்கட்டளையின் பெயரைக்கூட மாற்றவில்லை, நகலில் நானே பார்த்தேன். இனி அனுப்புமுன் அந்த அறக்கட்டளை கடந்த இரண்டு மூன்று வருடங்களில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தது என்று பாருங்கள். கட்டடத்துக்கே கொடுக்காதவர்களிடம் கூரை கேட்டிருக்கிறீர்கள். அங்கே விண்ணப்பங்களைப் பார்க்கிற திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு பக்கக் கடிதம் அனுப்பி, அவர்கள் கேட்ட பிறகு முழு விண்ணப்பம் கொடுங்கள். அவர்கள் நிதி தரும் காலம் முடிந்ததும் சம்பளத்தை யார் தருவார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். ‘வேறு நிதி தேடுவோம்’ என்று எழுதாதீர்கள். எங்கே, யாரிடம் என்று எழுதுங்கள்.

உங்களைப் போனில் கேள்வி கேட்டவரிடமே திரும்பப் போகலாம், புதுக் கணக்கோடு. நிராகரித்தவரைவிடக் கேள்வி கேட்டவர் மேல்.

அதற்கு முன் தம்பி மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் மனைவி உடன் இருக்கட்டும். இனி மாதம் இவ்வளவு, நியமனக் கடிதம் இது, விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், வீட்டில் யாரும் எதுவும் பேச மாட்டோம் என்று சொல்லுங்கள். உடனே பதில் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் வேறு ஆசிரியை கிடைக்கும்வரை எந்த அறக்கட்டளைக்கும் எழுதாதீர்கள். சரி என்றால் முதல் மாதச் சம்பளம் நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் பயணச் செலவு வரியிலிருந்து தொடங்குங்கள். பணம் தம்பி கணக்குக்குப் போகக் கூடாது. அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.