நகையைத் தொடாதீர்கள், அம்மா

மகனை அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவன் பிளஸ் டூவில் 600க்கு 371 வாங்கியதில் கவலைப்பட எதுவும் இல்லை, அம்மா. உங்கள் அண்ணன் சொல்லும் யோசனைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சென்னையில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கு உங்கள் நகையும் வீட்டுப் பத்திரமும். ‘நாலு பேர் மதிப்பார்கள்’ என்கிறாராம். அந்த நாலு பேரில் ஒருவராவது தவணை கட்ட வருவாரா? கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பையனுக்காகக் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

லீவு விட்டால் தூத்துக்குடியில் நண்பனின் அப்பா வேலை பார்க்கும் ஐஸ் பிளான்ட்டிலேயே கிடக்கிறான் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அவனுக்குக் குளிர்பதன ஆலை ஆபரேட்டர் வேலையைத்தான் நான் சொல்வேன்.

இறால், கணவாய் ஏற்றுமதி ஆலை, பால் பண்ணை, ஐஸ்கிரீம் தொழிற்சாலை, மிளகாய் வத்தல் குளிர்பதனக் கிடங்கு என எங்கே போனாலும் பின்கட்டில் ஒரு கம்ப்ரஸர் அறை இருக்கும். பெரிய ஆலைகள் பலவற்றில் குளிரூட்டக் குழாய்களில் ஓடுவது அமோனியா. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து, சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்தும். கண்டென்சர் என்கிற குளிர்விக்கும் குழாய்த் தொகுதியில் அது வெப்பத்தை விட்டு மறுபடி திரவமாகும். இந்தச் சுற்றை இரவு பகலாக ஓட்டுகிறவர்தான் ஆபரேட்டர்.

மணிக்கொரு தடவை கேஜை, அதாவது அழுத்தமானியைப் பார்த்து லாக் புக்கில் எழுதுகிற வேலைதானே என்று உங்கள் அண்ணன் கேட்பார். எழுதிய எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டுமே! கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் ஆவியின் அழுத்தம் (டிஸ்சார்ஜ்) ஏறினால், கண்டென்சர் குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா, உள்ளே காற்று புகுந்துவிட்டதா? உள்ளே இழுக்கும் ஆவியின் அழுத்தம் (சக்ஷன்) இறங்கினால், அறையைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) பனி மூடிவிட்டதா? ஆவி வர வேண்டிய இடத்தில் திரவம் வந்தால் கம்ப்ரஸர் தட்டுகிற சத்தமே மாறும். அதைக் காதால் பிடித்து உடனே நிறுத்தாவிட்டால் வால்வு நொறுங்கும். உள்ளே உறைந்துகொண்டிருக்கும் சரக்கும் போச்சு.

வழி இதுதான். அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில்நுட்பவியலாளர் பிரிவு, 2 ஆண்டுகள். செலவு சொற்பம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆனால் அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் ஏ.சி., ஃப்ரிட்ஜ், சிறிய குளிர்பதன அறை அளவில்தான். அதனால் படிப்புக்குப் பின் ஆலையில் வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சியை அமோனியா ஓடும் ஆலையில் எடுப்பதில் பிடிவாதமாக இருங்கள். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இரவு ஷிப்ட் உண்டு, ஆபத்தும் உண்டு. 2024 ஜூலையில் உங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்த ஆலையில் சேர்வதாக இருந்தாலும் கசிவு எச்சரிக்கைக் கருவி, சுவாசக் கவசம், கண் கழுவத் தண்ணீர்க் குழாய் மூன்றும் இருக்கின்றனவா என்று அவனே பார்க்கட்டும். இல்லாத இடத்தில், கூடுதல் சம்பளம் தந்தாலும் வேண்டாம்.

முதலில் நண்பனின் அப்பாவிடம் கேட்டு, நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு முழு இரவு ஷிப்ட்டை அவன் கூடவே இருந்து பார்க்கட்டும். காலையில் வந்தும் இதுதான் வேண்டும் என்றால், உங்கள் அண்ணனின் எண்ணை அனுப்புங்கள். அவரிடம் நான் பேசுகிறேன்.