உமிழ்நீர்ச் சுரப்பியில் கல்: அறுவைக்கு முன் ஸ்கேன் சொல்ல வேண்டியது என்ன?

கேள்வி (நோயாளி): சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்கு அடியில் வீங்குகிறது, பிறகு தானே வற்றுகிறது. எக்ஸ்-ரேயில் கல் இல்லையாம். விட்டுவிடலாமா, டாக்டர்?

பதில்: விடாதீர்கள். சாப்பாட்டு நேர வீக்கம் என்றால் உமிழ்நீரைச் சுரப்பியிலிருந்து வாய்க்குக் கொண்டுவரும் நாளத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். தாடைக்கீழ்ச் சுரப்பிக் கற்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று எக்ஸ்-ரேயில் தெரியாது. கன்னச் சுரப்பியில் தெரியாதவை இன்னும் அதிகம். அடுத்து அல்ட்ராசவுண்ட் எடுங்கள். கல் வெள்ளையாக மின்னும், அதன் கீழே கருநிழல் விழும். 2 மி.மீ.க்குக் குறைந்த கல்லுக்கு நிழல் விழாமலும் போகலாம். அப்போது நாக்கில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் உமிழ்நீர் ஊறும், கல்லுக்குப் பின்னால் நாளம் உப்பும், அடைப்பு நிற்கும் இடம் பிடிபடும்.

கேள்வி (ரேடியோகிராபி மாணவர்): சி.டி.க்கு கான்ட்ராஸ்ட் (ரத்தத்தில் ஏற்றும், படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்து) வேண்டுமா?

பதில்: கல்லைத் தேடுவதற்கு மட்டும் என்றால் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. கான்ட்ராஸ்ட் ஏறிய சிறு ரத்தக்குழாய் குறுக்குவெட்டில் வெள்ளைப் புள்ளியாகி, கல்லைப் போலவே ஏமாற்றும். சீழ்க்கட்டியோ கழலையோ இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் முதலில் வெறும் சி.டி., பிறகு கான்ட்ராஸ்ட். சி.டி. படத்தின் வெட்டு (ஸ்லைஸ்) 1 மி.மீ. அல்லது அதற்கும் மெலிதாக இருக்கட்டும்; தடித்த வெட்டில் சின்னக் கல் மங்கி மறைந்துவிடும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதன் கீற்றுகள் வாயின் தரையை மறைக்கும். தலையைச் சாய்த்து அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை எடுங்கள்.

கேள்வி (காது மூக்கு தொண்டை முதுநிலை மாணவர்): ரிப்போர்ட்டில் “தாடைக்கீழ் நாளத்தில் 6 மி.மீ. கல்” என்று மட்டும் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. படத்தை நீங்களே திறந்து பாருங்கள். நாளத்தின் நீளம் சுமார் 5 செ.மீ.; அதன் வாய்தான் மிகக் குறுகிய இடம். கல்லின் நீளத்தைவிட அகலத்தையும், அதற்கு முன்னால் நாளம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். எண்டோஸ்கோப் (நாளத்துக்குள் நுழைக்கும் மெல்லிய கேமராக் குழாய்) வழியே சிறு கம்பிக் கூடையில் பிடித்து இழுக்க, தாடைக்கீழ்ச் சுரப்பியில் சுமார் 4 மி.மீ., கன்னச் சுரப்பியில் 3 மி.மீ. வரைதான் நம்பலாம். அதற்கு மேல் இழுத்தால் கல்லோடு கூடையும் நாளத்தில் சிக்கிக்கொள்ளும். உங்கள் 6 மி.மீ. கல்லை லேசரால் உடைக்கலாம், அல்லது வாய்வழி கீறி எடுக்கலாம்.

எந்தப் பல்லுக்கு நேரே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்கடைவாய்ப் பற்களுக்கு நேரே இருந்தால், கல்லுக்குப் பின்னால் ஒரு தையல் போட்டுவிட்டுக் கீறுங்கள். தையல் இல்லாவிட்டால் கல் பின்னோக்கி நழுவும். பின்கடைவாய்ப் பக்கம் நாக்கு நரம்பு நாளத்துக்கு அடியில் குறுக்கே போகிறது. அங்கே நரம்பைக் கண்ணால் பார்த்துப் பிரித்த பிறகே நாளத்தில் கத்தி வைக்கவேண்டும்.

ஒரு விரல் வாய்க்குள்ளும் மறுகை தாடைக்கு அடியிலும் வைத்துத் தடவிப் பாருங்கள். சுரப்பி வாயிலில் (நாளம் சுரப்பியை விட்டுப் புறப்படும் இடத்தில்) இருக்கும் பெரிய கல்கூட கைக்குத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் வாய்வழியே வந்துவிடும், சுரப்பியைக் காப்பாற்றலாம். இரண்டாவது கல் இருக்கிறதா என்றும் தயவுசெய்து தேடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுத்து மூன்று மாதமாகிறது. அதையே வைத்து ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: கல் நகரும். ஆபரேஷன் அன்று காலையே அல்ட்ராசவுண்டில் ஒருமுறை பாருங்கள். தானாகவே வெளியேறியிருக்கவும் கூடும்.