ரிப்போர்ட்டில் எல்லாமே 'ஆர்' என்றால் கிருமி அவ்வளவு கொடியதா?

கேட்டிருப்பவர் தேவகோட்டைக்காரர். ஐசியூவில் வெண்டிலேட்டரில் இருந்த அவருடைய அப்பத்தாவின் சளியில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில், மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் எதிரே 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்கு அடங்காது. "எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்றால் அது அவ்வளவு கொடூரமானதா? அப்பத்தாவை வீட்டுக்கு அழைத்து வந்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்பது கேள்வி.

நான் காரைக்குடியில் ஒரு லேபில் மைக்ரோபயாலஜி பிரிவில் வேலை பார்க்கிறேன். "அண்ணே, இத்தனை ஆர் போட்டிருக்கே, பயப்படணுமா?" என்று கவுன்ட்டரில் அடிக்கடி கேட்பார்கள். சிகிச்சையைப் பற்றி உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிருமியைப் பற்றி நான் சொல்கிறேன்.

மருந்துக்கு அடங்காமல் இருப்பது வேறு, வீரியம் வேறு. கையில் அரிவாள் வைத்திருப்பவனும் உடம்பில் கவசம் போட்டிருப்பவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உடம்பைத் தாக்கி நோய் உண்டாக்கும் திறன்தான் வீரியம். 'ஆர்' சொல்வது கவசத்தை மட்டும்.

அந்த 'ஆர்' எப்படி வருகிறது தெரியுமா? தட்டில் ஊற்றி உறையவைத்த அகார் என்ற கூழின் மேல் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைத்து, ராத்திரி முழுக்க 35 டிகிரியில் வைத்துவிடுவோம். காலையில் எடுத்தால், மருந்து வேலை செய்த இடத்தில் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் இருக்கும். தட்டைக் கவிழ்த்துப் பிடித்து ஸ்கேலால் அளப்போம். க்ளெப்சியெல்லாவுக்கு மெரோபெனம் வட்டம் 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 'எஸ்' (சென்சிட்டிவ், மருந்துக்கு அடங்கும்), 19-க்குள் என்றால் 'ஆர்'. சில நாள் அளக்கவே வேலை இருக்காது. 6 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி கொழகொழவென்று ஏறி வளர்ந்திருக்கும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் இந்த வட்டு முறையில் பார்த்து நம்பக்கூடாது. அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

அந்த ஸ்கேலில் வீரியம் தெரியாது. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. தட்டில் வளர்ந்த கிருமித் திட்டை லூப் கம்பியால் தொட்டு மெதுவாக மேலே தூக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நூல் போல இழுத்துக்கொண்டு வந்தால் சந்தேகப்படுவோம். கிருமியைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை அவ்வளவு தடிமன் என்று அர்த்தம். அந்த உறை இருந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்க முடியாது. இதோடு, நம் உடம்பிலிருந்து இரும்புச் சத்தைப் பறித்துக்கொள்ளும் சங்கதிகளும் அந்த வகைக்கு அதிகம். ஆனால் இந்த நூல் சோதனை ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வீரிய வகைதான் நெடுங்காலம் மருந்துக்கு அடங்கிய கிருமியாக இருந்தது. 1986-இல் தைவானிலிருந்து வந்த ஓர் அறிக்கையில், க்ளெப்சியெல்லாவால் ஈரலில் சீழ்க்கட்டி வந்து, கண்வரைக்கும் கிருமி பரவிய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இந்த நோய் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களுக்கும் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். ஆளைச் சாய்க்கிற கிருமி, ஆனால் சாதாரண ஊசி மருந்துக்கே அடங்கும். மறுபக்கம் ஐசியூக்களில் எல்லா மருந்தையும் தாண்டி நின்ற வகை, நல்ல உடம்புக்காரரிடம் பெரும்பாலும் வாலாட்டாது.

உங்கள் அப்பத்தாவுக்கு வந்தது அநேகமாக இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். க்ளெப்சியெல்லா நம்மில் பலருடைய குடலில் சும்மா குடியிருப்பது. முகப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற ஆச்சியை அது ஒன்றும் செய்யாது. அதே ஆச்சி தொண்டையில் குழாய், கழுத்தில் லைன், கீழே யூரின் டியூப் என்று படுத்துவிட்டால் கதை மாறுகிறது. இருமித் துப்ப முடியாது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் ஒன்றுகூடிப் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்பார்கள். அதற்குள் மருந்து சரியாக இறங்காது, உள்ளே இருப்பவையும் மந்தமாக வளர்வதால் 'எஸ்' போட்ட மருந்துகூடச் சில சமயம் தோற்கும். டாக்டர்கள் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்று பார்ப்பது இதனால்தான். ஐசியூவில் உயிர் போவதற்குக் கிருமியின் கொடுமையை விட, உடம்பின் பலவீனமும் சரியான மருந்து தாமதமாவதும் பெரிய காரணங்கள்.

இன்னொன்று. குழாயிலிருந்து எடுத்த சளியில் கிருமி வளர்ந்தாலே அது நோய் என்று ஆகிவிடாது. சும்மா தங்கியும் இருக்கலாம். காய்ச்சல், எக்ஸ்ரே, ஆக்சிஜன் தேவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். "இது இன்ஃபெக்‌ஷனா, தங்கியிருக்கிறதா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

கவசம் எங்கிருந்து வருகிறது? மெரோபெனத்தையே உடைத்துப் போடுகிற என்டிஎம் (நியூடெல்லி என்ற பெயரில் தொடங்கும் சுருக்கம்) என்ற நொதியை, 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் எடுத்த க்ளெப்சியெல்லாவில் முதலில் கண்டார்கள். 2010-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் இதுபற்றி வந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. பெயரில் டெல்லி இருக்கிறதே என்று அப்போது பெரிய சண்டை. சண்டையில் செலவான நேரத்தைக் கை கழுவுவதில் செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி அதைப் பக்கத்துக் கிருமிக்கு, வேறு இனத்துக்கும்கூட, அப்படியே கைமாற்றிவிடும். ஐசியூவில் மருந்து தாராளமாகப் புழங்குவதால் அடங்குகிறவை சாகும், அடங்காதவை பெருகும். அங்கிருந்து கை வழியாக அடுத்த கட்டிலுக்குப் போகும். அசினெட்டோபாக்டர் என்ற இன்னொன்று காய்ந்த கட்டில் கம்பியிலேயே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எல்லாப் பழியையும் ஆஸ்பத்திரி மேல் போடவும் முடியாது. சளி பிடித்தால் மெடிக்கலில் போய் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்கி இரண்டு வேளை போடுகிற பழக்கம் நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. வைரஸால் வருகிற சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. செட் விற்பனை நிற்கவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது அரிவாளும் கவசமும் ஒரே கிருமியிடம் சேர்வதைத்தான். 2016-இல் சீனாவின் ஹாங்சோவில் ஓர் ஐசியூவில் அப்படிப்பட்ட க்ளெப்சியெல்லா 5 பேருக்கு வந்தது, 5 பேரும் இறந்தார்கள். மருந்துக்கு அடங்காத வகை, வீரியத்துக்கான பிளாஸ்மிட்டையும் வாங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவிலும் இத்தகையவை பதிவாகியிருக்கின்றன.

ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியிலும் யோசிக்கிறார்கள். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ரசாயன சமிக்ஞைகளால் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கூட்டம் சேர்ந்தபின்தான் நச்சையும் படலத்தையும் உண்டாக்கும். கிருமியைக் கொல்லாமல் இந்தப் பேச்சை மட்டும் குலைத்துவிட்டால் வீரியம் குறையும், மருந்தை எதிர்க்கப் பழகும் அவசரமும் அதற்குக் குறையலாம். நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையிலிருந்தும் இதுபற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் கடையில் வாங்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை.

சரி, குழந்தைகள் விஷயம். அப்பத்தாவைத் தாராளமாக வீட்டுக்கு அழைத்து வாருங்கள். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இது நோயாக மாறுவது அரிது. தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கிவைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். யூரின் பையைத் தொட்டாலும், டயாபர் மாற்றினாலும், சளி எடுத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் பச்சைக் குழந்தையோ, டயாலிசிஸ், கீமோ எடுப்பவரோ இருந்தால் அவர்கள் இந்த வேலைகளில் கை வைக்காமல் இருக்கட்டும். குடலில் இருப்பதை ஒழிக்கிறேன் என்று மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகவும் போகும். அப்புறம், அந்த ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் நாளே காட்டுங்கள். எந்த மருந்தில் ஆரம்பிப்பது, எந்தக் கட்டிலில் படுக்கவைப்பது என்று அவர்கள் முடிவெடுக்க அது தேவைப்படும்.