பிரிட்டனில் பிஎச்டி: முடிவு வராததை சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பிரிட்டனில் பிஎச்டி சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, ஒரு சோதனையும் கைகூடவில்லை, முதல் வருட மதிப்பீடு நெருங்குகிறது. அதில் தோற்றால் விசா போய்விடுமா? சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்வதா, ஏதாவது நல்ல முடிவு வந்த பிறகு போய் நிற்பதா?

இப்போதே சொல்லுங்கள். இந்த வாரமே.

நீங்கள் ஆய்வகத் துறை, உதவித்தொகையில் வந்தவர், மாணவர் விசாவில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரலாறோ இலக்கியமோ என்றால் விவரங்கள் கொஞ்சம் மாறும். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள் "எங்கள் ஊரில் அப்படியில்லை" என்று சொல்ல வரலாம். அங்குள்ள முறை வேறு, நான் பேசுவது பிரிட்டனைப் பற்றி மட்டும்.

விசா பயத்தை முதலில் முடித்துவிடுவோம். முதல் வருட மதிப்பீட்டுக்குச் சில இடங்களில் அப்கிரேட் என்று பெயர், சில இடங்களில் கன்ஃபர்மேஷன். பல பல்கலைக்கழகங்களில் முதலில் எம்ஃபில் என்றோ தற்காலிக மாணவர் என்றோ பதிந்து வைத்து, இந்த மதிப்பீட்டுக்குப் பிறகுதான் பிஎச்டி என்று உறுதி செய்கிறார்கள். அறிக்கை கொடுக்க வேண்டும், உங்கள் சூப்பர்வைசர் அல்லாத இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். முதல் முறை திருப்தி இல்லையென்றால் பொதுவாகத் திருத்தி எழுத அவகாசம் கொடுத்து இரண்டாவது வாய்ப்பு தருவார்கள். அந்த இடைவெளியில் நீங்கள் பதிவில் இருக்கும் மாணவர்தான், விசாவும் அப்படியேதான் இருக்கும். பல்கலைக்கழகம் உங்களைப் பதிவிலிருந்து நீக்கினால் உள்துறைக்குத் தெரிவிப்பார்கள். அப்போது விசாக் காலத்தைக் குறைப்பார்கள், வழக்கமாக 60 நாள் தருவார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ படி இருக்கிறது. இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம், அந்த மதிப்பீட்டில் முதல் முறை நான் தேறவில்லை.

2021 அக்டோபரில் சேர்ந்தேன். திட மின்பகுளிகள் என் துறை. பேட்டரிக்குள் தீப்பற்றக்கூடிய திரவத்துக்குப் பதிலாக பீங்கான் போன்ற ஒரு திடப்பொருளை வைக்கும் முயற்சி. லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் மூன்றின் ஆக்சைடு அது. 2007இல் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பொருளின் கதை தொடங்குகிறது. உலகம் முழுக்க இந்தத் துறையில் யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்கள் வரும். சேர்ந்த புதிதில் வாராந்திரக் கூட்டத்தில் ஆங்கிலேய மாணவர் ஒருவர் தங்கதுரை என்ற பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பொருளைச் செய்யும் விதம் இதுதான். பொடிகளைக் கலந்து அரைத்து, வில்லையாக அழுத்தி, க்ரூசிபிளில், அதாவது உலைச்சூட்டைத் தாங்கும் பீங்கான் கிண்ணத்தில், வைத்து 1200 டிகிரி அளவில் சுட வேண்டும். சரியாக வந்தால் அணிக்கோவை கனசதுர வடிவத்தில் நிற்கும், அயனி வேகமாக ஓடும். தவறினால் நாற்கோண வடிவத்துக்கு இறங்கிவிடும், கடத்துதிறன் நூறில் ஒரு பங்காகிவிடும். எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்-கதிர் சிதறல் படம் எடுத்தால் தெரிந்துவிடும். ஒற்றையாக நிற்க வேண்டிய முகடு இரண்டாகப் பிளந்து நிற்கும்.

எனக்குப் பிளந்தே வந்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை பதினேழு முறை. எனக்கு முன்னால் இருந்த மாணவரின் குறிப்பேட்டில் இருந்த செய்முறையை வரிவரியாகப் பின்பற்றினேன். லித்தியத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன், நேரத்தை நீட்டினேன். வாராந்திரக் கூட்டத்தில் சூப்பர்வைசர் "எப்படிப் போகிறது?" என்று கேட்பார். "நன்றாகப் போகிறது, இன்னும் ஓரிரு சோதனை பாக்கி" என்பேன். அவர் மோசமானவர் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பார். ஆனால் ஆசிரியரிடம் விடையோடுதான் போக வேண்டும் என்று பழகி வந்தவன் நான். வெறுங்கையோடு போனால் இடம் கொடுத்தது தப்பு என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் விசா. உங்கள் கேள்வியில் இருக்கும் அதே கணக்கு.

ஜூன் கடைசியில் ஒரு நாள் உலை அறையில் இருந்தேன். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருக்கும் அம்மா, உலையின் சூட்டுச் சுருளை மாற்ற வந்தார். என் மேசையில் இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தார். திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். "இது மெக்னீசியா ஆயிற்றே, அலுமினா கிண்ணத்தை ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்டார். பழையதில் பழுப்புக் கறை படிந்திருந்தது, அலுமினாவை லித்தியம் அரித்துவிடும் என்று படித்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று புதிதாக வாங்கினேன் என்றேன். அவர் கீழ் இழுப்பறையைத் திறந்து அந்தக் கறை படிந்த கிண்ணம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "உனக்கு முன்னால் இருந்த எல்லோரும் இதில்தான் சுட்டார்கள்."

அவ்வளவுதான் விஷயம். சூட்டில் அலுமினா கிண்ணத்திலிருந்து கொஞ்சம் அலுமினியம் கசிந்து பொருளுக்குள் போகிறது. அதுதான் கனசதுர வடிவத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த 2007 கட்டுரைக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் துறைக்கே இது தெளிவானது. பிறகு வந்தவர்கள் அலுமினியத்தையோ டாண்டலம் என்ற உலோகத்தையோ தாங்களே அளந்து சேர்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் செய்முறையிலும் டாண்டலம் இருந்தது. ஆனால் குறைவு, மீதி வேலையைக் கிண்ணம் பார்த்துக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில் "க்ரூசிபிள்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்தக் கிண்ணம் என்று எழுதத் தோன்றவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பழைய கிண்ணத்தில் சுட்ட முதல் வில்லையிலேயே முகடு ஒன்றாக நின்றது.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. செப்டம்பரில் மதிப்பீட்டு அறிக்கையில் ஜூலை, ஆகஸ்ட் முடிவுகளை மட்டும் அழகாக அடுக்கினேன். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அறிக்கையைப் புரட்டிய பேராசிரியர் கேட்டார்: "ஜனவரியிலிருந்து ஜூன் வரை என்ன செய்தீர்கள்?" முந்தைய கட்டுரைகளைப் படித்தேன் என்றேன். இரண்டு பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று மாதம் அவகாசம், அறிக்கையைத் திருத்தி மறுபடி கொடு.

அன்றைக்குத்தான் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினேழின் தரவும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. தேதி, சூடு, நேரம், கிண்ணம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகப் போட்டு, பக்கத்தில் பிளந்த முகடுகளின் படத்தை வைத்து இரண்டாவது அறிக்கையைக் கொடுத்தேன். டிசம்பரில் அதே இரண்டு பேர், அந்த அட்டவணையைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார்கள். தேறிவிட்டேன்.

"சூப்பர்வைசர் நல்லவர் என்பதால் தப்பித்தாய், எல்லோருக்கும் அப்படி அமையாது" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். கடுமையானவர்களிடம் மாட்டிக்கொண்டு கஷ்டப்பட்ட நண்பர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் இன்னும் கட்டாயமாகச் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில். சந்திப்பு முடிந்ததும் பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். இரண்டாவது சூப்பர்வைசர் ஒருவர் பெயரளவிலாவது இருப்பார், துறையில் ஆய்வு மாணவர்களுக்கென்று ஒரு பொறுப்பாளரும் இருப்பார். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால், பல்கலைக்கழகத்துக்குள் முறையிட்டுத் தீராத விவகாரத்தைக் கேட்க தனியாக ஓர் அமைப்பே இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் தேதி போட்ட தாள்தான் பேசும்.

இன்னொன்று. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் ஒரு மாதத்தை இழப்பதும் உள்ளூர் மாணவர் ஒரு மாதத்தை இழப்பதும் ஒன்று இல்லை. அவருக்கு நீட்டிப்பு என்பது ஒரு படிவம். நமக்குப் புதிய காஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி), புதிய விசாக் கட்டணம், சுகாதார வரி. நான் சேர்ந்தபோது அந்த வரி மாணவருக்கு வருடத்துக்கு 470 பவுண்டு. மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே, நான்கரை வருடக் கணக்கில் 2,115 பவுண்டு கட்டிவிட்டுத்தான் வந்தேன். 2024 பிப்ரவரியிலிருந்து அது வருடத்துக்கு 776. அப்புறம் ஏடாஸ் சான்றிதழ். எங்களைப் போன்ற துறைகளில் ஆய்வு தொடங்கும் முன் வெளியுறவு அலுவலகத்திடம் வாங்க வேண்டியது. கட்டணம் இல்லை, ஆனால் ஆய்வின் திசை மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் வருடம் நான் வேறொரு பொருளுக்கு நகர்ந்தபோது ஐந்து வாரம் புதிய வேலையைத் தொடாமல் காத்திருந்தேன். அதே ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை அமெரிக்கர் திங்கட்கிழமை முடிவெடுத்து செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தார். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கெல்லாம் அது தேவையில்லை, நமக்குத் தேவை. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வாரத்தை யாரும் என் கெடுவில் சேர்த்துத் தரவில்லை. சேர்த்துத் தரக் கேட்கலாம் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது காத்திருப்பு இருந்திருந்தால் மதிப்பீட்டு அறிக்கையில் தேதியோடு எழுதுங்கள். கேட்காமல் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கோடையில் பகுதிநேர வேலை பற்றியும் ஒரு வார்த்தை. பிஎச்டி மாணவர்களான நமக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை இல்லை. இளங்கலை மாணவர்கள் அந்த மாதங்களில் முழுநேரம் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு நாமும் போகக் கூடாது. சூப்பர்வைசர் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்களைத் தவிர, வாரத்துக்கு 20 மணி நேரம்தான்.

2025இல் வைவா, அதாவது ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. பார்வையாளர் கிடையாது, ஓர் அறை, உள் தேர்வாளர், வெளித் தேர்வாளர், நான். வெளித் தேர்வாளர் ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்த முதல் பக்கம் அந்தப் பதினேழு வரி அட்டவணை. சிறு திருத்தங்களோடு தேர்ச்சி கொடுத்தார்கள்.

சரி, சூப்பர்வைசருக்கு நீங்கள் எழுத வேண்டிய மின்னஞ்சலுக்கு வருவோம். "மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை முறை செய்தீர்கள், ஒவ்வொரு முறையும் எதை மாற்றினீர்கள், என்ன வந்தது என்று மட்டும் எழுதி, அரை மணி நேரம் கேளுங்கள். அனுப்பிவிட்டு, உங்கள் ஆய்வகத்தில் உலையையோ கருவிகளையோ பார்த்துக்கொள்பவர் யாரோ அவரைக் கூட்டிவந்து, உங்கள் மேசையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிடுங்கள்.