செக்குல கம்பு சொருவுனா?

கேள்வி: கேன்சர் மருந்த கம்ப்யூட்டர்லயே டிசைன் பண்ணுதாங்கன்னு எம்மவ சொல்லுதா, உள்ளதா அண்ணே? - வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உள்ளதுதான். ஓடுற செக்குல கம்ப சொருவுனா நிக்கும்லா, அதுமாதிரி சிஎம்எல்ங்கற ரத்தப்புற்றுல செல்ல பெருக வைக்கிற பிசிஆர்-ஏபிஎல் என்சைமோட குழியில இமாட்டினிப் மாத்திர போய் உக்காந்துக்கும், அது 2001ல வந்தது. ஆனா சிலருக்கு அந்த குழியில 315ஆவது அமினோ அமிலம் (என்சைம மாலையா நெனச்சா அதுல ஒரு மணி) மாறி இடைஞ்சலாயிரும், மாத்திர ஏறாது (பொல்லாத சீக்கு பாத்துக்கிடுங்க). அப்புறம் குழியோட த்ரீடி படத்த ஸ்கிரீன்ல திருப்பித் திருப்பிப் பாத்து, அந்த இடைஞ்சல்ல முட்டாம நுழையுறதுக்குன்னே நடுவுல ஒல்லியா ரெண்டு கார்பன மூணு பிணைப்போட கோத்து பொனாட்டினிப் செஞ்சாங்க, 2012ல அமெரிக்காவுல அனுமதி. ரத்தக்குழாய் அடைக்கிற ஆபத்து அதுக்கு உண்டு, அதனால ஸ்கிரீன்ல பொருந்துனா மட்டும் போதாது, லேப்லயும் நோயாளிங்ககிட்டயும் வருசக்கணக்கா சோதிக்கணும்.